வலிக்காத புண்

எனக்கு வந்த காய்ச்சலின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மூடி வைத்துப் படிக்கிறவர்களைத் தவிக்கவிடுவது எனக்குப் பிடிக்காது. நான் தவித்ததே போதும். அது உண்ணிக் காய்ச்சல். டாக்டர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். புதரிலும் புல்லிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன உண்ணிப் பூச்சி இருக்கிறது. அது கடிக்கும்போது தெரியாது. கடித்துப் பத்து நாள் போலக் கழித்துத்தான் காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, முட்டிக்குப் பின்னால், இடுப்பில் துணி இறுக்குகிற இடம் என்று யாரும் பார்க்காத இடமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் வைத்தியம் சுலபம். மாத்திரை எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

என் பெயர் செல்வி. வயது நாற்பத்து நான்கு. கொல்லிமலையில், பைல் நாடு என்கிற பகுதியில், ஒரு கிளை அஞ்சலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அஞ்சலகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு முத்திரை, அவ்வளவுதான். பிற்பகலில் காட்டுக்குப் போய்விடுவேன். கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மரவள்ளி, சோற்றுக்குச் சாமை. அந்த மார்கழியில், மிளகு பறிப்பதற்கு முன்னால், கொடிகளுக்கு அடியில் மண்டிக் கிடந்த புதரை நானும் என் வீட்டுக்காரர் தங்கராசுவும் மூன்று நாள் வெட்டினோம். பூச்சி அங்கேதான் ஏறியிருக்க வேண்டும். அவரை விட்டுவிட்டு என்னை ஏன் பிடித்தது என்று தெரியவில்லை.

காய்ச்சல் வந்த முதல் நாள் குளிர் என்று இருந்துவிட்டேன். இரண்டாம் நாள் மலையிலேயே இருக்கிற சுகாதார நிலையத்துக்குப் போய் மாத்திரை வாங்கினேன். போட்டால் வேர்த்து இறங்கும், நாலு மணி நேரத்தில் மறுபடி ஏறும். தலைவலி மண்டையைப் பிளந்தது. கண்ணைத் திருப்பினால் கண்ணுக்குப் பின்னால் வலித்தது. நாலாம் நாள் அங்கிருந்த நர்சம்மா நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி இங்கே வைத்திருக்கக் கூடாது என்று ஆம்புலன்சை வரவழைத்தார். வளைவுகளில் நான் எத்தனை முறை வாந்தி எடுத்தேன் என்று என் வீட்டுக்காரர் எண்ணியிருக்கிறார். சேந்தமங்கலம் வருவதற்குள் பதினொன்று. பதற்றம் வந்தால் அவர் எதையாவது எண்ணிக்கொண்டிருப்பார்.

என்னைச் சேர்த்த மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. அது இருக்கிற ஊரையும் விட்டுவிடுகிறேன். என் வழக்கு ஒரு கட்டடத்தோடு இல்லை.

பெண்கள் வார்டில் ஆறு கட்டில். எனக்குக் கிடைத்தது சுவரோரத்தில். அன்று மதியம் டாக்டர் வந்தார். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எத்தனை வார்டு பார்த்துவிட்டு வந்தாரோ. என் கால்மாட்டில் நின்றுகொண்டு, என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"எந்த ஊரு?"

"கொல்லிமலைங்க."

"காச்சல் எத்தன நாளா?"

"நாலு நாளாச்சுங்க."

"நாலு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க? மந்திரிச்சுக் கயிறு கட்டிட்டு இருந்தீங்களா?"

"ஆமாங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

நாங்கள் எங்கேயும் கயிறு கட்டவில்லை. சுகாதார நிலையத்துச் சீட்டு அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. பிறகு ஏன் ஆமாங்க என்றார் என்று மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டுக்காரர்கள் கேட்பார்கள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில், பெரியவர்களோ உத்தியோகத்தில் இருப்பவர்களோ ஒன்றைச் சொன்னால், எடுத்த எடுப்பில் இல்லை என்று மறுக்க மாட்டோம். முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடும். முதலில் ஆமாங்க என்போம். கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு, "ஆனாப் பாருங்க" என்று ஆரம்பித்து, நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர் நினைத்தது தப்பு என்கிற இடத்துக்கு அவரையே கூட்டிக்கொண்டு வருவோம். மலையில் இது எல்லோருக்கும் தெரியும். ஆமாங்க என்று காதில் விழுந்ததும் எதிரே இருப்பவர் காத்திருப்பார். விஷயம் அதற்குப் பிறகுதான் வரும்.

டாக்டர் காத்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர் "ஆனா" என்று வாயெடுக்கும்போது அவர் சிஸ்டரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் என் சேலையை விலக்கி வயிற்றை அமுக்கிப் பார்த்தார். என் தொப்புளுக்குப் பக்கத்தில் மூன்று பழைய தழும்புகள் இருக்கின்றன. கைக்குழந்தையாக இருக்கும்போது மஞ்சள் காமாலைக்குச் சூடு போட்டது. அந்தக் காலத்தில் மலையில் மட்டுமில்லை, கீழேயும் போட்டார்கள். சிஸ்டர் கை இடுப்புப் பக்கம் போனது. பாவாடை நாடா இறுக்குகிற இடத்தில் இடது பக்கம் ஒரு கறுப்புப் பொருக்கு. அதை அப்போதுதான் நானும் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"இதென்ன, சூடு போட்டீங்களா?"

"ஆமாங்க," என்றேன்.

ஆனாப் பாருங்க, தொப்புள்கிட்ட இருக்கிறதுதான் சூடு, இடுப்பில் இருப்பது என்னவென்று எனக்கே தெரியவில்லை என்று சொல்ல வந்தேன். காய்ச்சலில் மூச்சு விடவே நேரம் பிடித்தது. அதற்குள் சிஸ்டர் நிமிர்ந்து, "சூடு போட்டிருக்காங்க டாக்டர்," என்றார். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். "இவங்கள மாத்தவே முடியாது," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

கட்டில் கம்பியில் தொங்கிய அட்டையை அன்று சாயங்காலம் எடுத்துப் படித்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அஞ்சல் வேலைக்கு வந்தவள், இங்கிலீஷ் படிக்க வரும். நாட்டு வைத்தியம், வயிற்றிலும் இடுப்பிலும் சூட்டுக் காயம், தாமதமாகக் கொண்டுவரப்பட்டவர் என்று இருந்தது. அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உடனே ஒரு நினைப்பும் வந்து கோபத்தைக் கெடுத்துவிட்டது. போன வருடம் பணம் எடுக்க வந்த ஒரு பெண்ணிடம், "கையெழுத்துப் போடத் தெரியாதில்ல?" என்று கேட்டேன். அவள் ஆமாங்க என்றாள். நான் அடுத்த வார்த்தைக்குக் காத்திருக்காமல் மைப்பெட்டியை நகர்த்தி அவள் கட்டைவிரலை வைக்கச் சொன்னேன். அவள் எட்டாவது படித்தவள் என்பது ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் எனக்கும் காது மந்தம்தான்.

முதல் இரண்டு நாள் ரத்தம் எடுத்தார்கள். டெங்கு இல்லை என்று வந்தது. தட்டணுக்கள் குறைந்திருந்தன. ரத்தம் உறைவதற்கு உதவுகிற அணுக்கள் அவை. அவை ரொம்பவும் இறங்கினால் பல் ஈறிலிருந்துகூட ரத்தம் கசியும் என்று சிஸ்டர் சொன்னார். ஏதோ வைரஸ் காய்ச்சல், தானாக இறங்கும் என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். இறங்கவில்லை. இருமல் வந்தது. மாடிப்படி ஏறியவள்போலப் படுத்த இடத்திலேயே மூச்சு வாங்கியது. சிஸ்டரிடம் சொன்னால், "மலைக்காரங்க நீங்க, தாங்குவீங்க," என்று சிரித்தார். அன்பாகத்தான் சொன்னார். தாங்குகிறவர்களுக்கு யாரும் அவசரப்படுவதில்லை.

என் வீட்டுக்காரரைப் பார்வை நேரத்தில் மட்டும் விட்டார்கள். மற்ற நேரமெல்லாம் மாடிப்படியின் கீழே உட்கார்ந்திருப்பார். உள்ளே வந்தால் நாற்காலியில் உட்கார மாட்டார், நின்றுகொண்டே இருப்பார். இரண்டாம் நாள் எங்கிருந்தோ ஒரு சீப்பு வாங்கி வந்து, சிக்குப் பிடித்துக் கிடந்த என் தலையை வாரிவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் என் தலையைத் தொட்டு வாரியது அன்றுதான். கோணல்மாணலாக ஒரு சடை போட்டார். அதை அவிழ்க்க எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு அம்மா வந்தார். சேந்தமங்கலத்தில் பெரிய இரும்புக் கடை வைத்திருப்பவரின் மனைவி. பெயர் கௌசல்யா, ஐம்பது வயது இருக்கும். மேலே தனி அறை காலியாகும்வரை இங்கே இருக்கட்டும் என்று படுக்க வைத்தார்கள். அவருக்கும் காய்ச்சல், தலைவலி. அதே டாக்டர் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு பச்சைத் துணித் திரைதான். பேசுவது அத்தனையும் கேட்டது.

"காய்ச்சல் எத்தன நாளாங்கம்மா இருக்கு?"

"ரெண்டு நாளா, டாக்டர்."

"போன ரெண்டு மூணு வாரத்துல வெளியூர் எங்கயாச்சும் போனீங்களா? மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க."

"எங்கயும் போகலீங்களே. ஆங், கொல்லிமல போனோமுங்க. ஏழெட்டுப் பொம்பளைங்க, வேன் புடிச்சு. அருவில குளிச்சுட்டு அங்கயே புல்லுல உக்காந்து சாப்ட்டோம்."

"கொல்லிமலையா?" டாக்டரின் குரல் மாறியது. "சிஸ்டர், திரைய நல்லா இழுத்து விடுங்க. அம்மாவ உச்சியிலிருந்து கால் வரைக்கும் பாருங்க. எங்கயாச்சும் கறுப்பா பொருக்கு இருக்கான்னு பாக்கணும்."

ஐந்து நிமிடத்தில் இடது முட்டிக்குப் பின்னால் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். டாக்டர் அது என்ன பூச்சி, எப்படிக் கடிக்கும், ஏன் வலிக்காது என்று ஒவ்வொன்றாக விளக்கினார். நான் முதல் பத்தியில் எழுதியிருப்பதெல்லாம் அன்று திரைக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கேட்டதுதான். "பயப்படாதீங்கம்மா, இப்பவே மாத்திர ஆரம்பிச்சுட்டா ரெண்டு நாள்ல எந்திரிச்சு உக்காந்துருவீங்க," என்றார்.

அந்த அம்மா ஒரு மத்தியானம் எங்கள் மலைக்கு வந்து போனதை டாக்டர் ஒரு துப்பாக எடுத்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து அந்த மலையிலேயே இருக்கிற என்னிடம் கொல்லிமலை என்ற சொல்லைக் கேட்டபோது அவருக்குத் தோன்றியது மந்திரித்த கயிறு. இதை நான் இப்போது நிதானமாக எழுதுகிறேன். அன்று அப்படி இல்லை. கத்த வேண்டும்போல இருந்தது. கத்துவதற்கு மூச்சில்லை.

டாக்டர் திரைக்கு அந்தப் பக்கமாகவே போய்விட்டார். என்னைக் காலையிலேயே பார்த்து முடித்திருந்தார். நான் நாடாவைத் தளர்த்திப் பார்த்தேன். கறுப்பாக, நடுவில் குழிந்து, சுற்றிலும் சிவந்து இருந்தது. பக்கத்தில் திரும்பிக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க... உங்களுக்கு இருக்கிற அந்தக் காயம்... பாக்கறதுக்கு எப்படிங்க இருக்குது?"

திரை விலகியது. கௌசல்யா அம்மா முகம் காய்ச்சலில் வீங்கியிருந்தது. "ஏம்மா, உனக்கு என்ன?" என்றார்.

நான் இடுப்பைக் காட்டினேன். அவர் காலை மடக்கித் தன்னுடையதைக் காட்டினார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஒரே அச்சு. அவருடையது கொஞ்சம் எடுப்பாகத் தெரிந்தது, நிறமான தோல். என் தோலில் கொஞ்சம் மங்கல்.

"சிஸ்டர்!" என்று அவர் ஒரு சத்தம் போட்டார். நான் மூன்று நாளாகக் கூப்பிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று எனக்குத் தெரியும். சிஸ்டர் உடனே வந்தார்.

"அது சூடுங்கம்மா. கேஸ் ஷீட்லயே எழுதியிருக்கு. அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

"ஒத்துக்கறதுக்கு அவ என்ன திருடிட்டா வந்திருக்கா? எனக்கு இருக்கறதும் அவளுக்கு இருக்கறதும் ஒண்ணா இல்லையான்னு நீங்களே பாருங்க. போயி டாக்டரக் கூட்டிட்டு வாங்க."

டாக்டர் வேறு ஒரு அவசரத்தில் இருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வந்தார். அதற்குள் கௌசல்யா அம்மா இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். இதை நான் மறக்க மாட்டேன். அவர் சத்தம் போடாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

டாக்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டார்ச் எடுத்தார். முதல் தடவையாகக் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் சுற்றிலும் தொட்டுப் பார்த்தார்.

"இது எப்பருந்து இருக்கு?"

"வர்றப்பவே இருந்துச்சுங்க."

"சூடு போட்டதுன்னு சொன்னியே?"

"ஆமாங்க," என்றேன். வாய்ப் பழக்கம், சாகும்போதும் போகாது. ஆனால் இந்த முறை அவர் போகவில்லை. டார்ச்சை அணைக்காமல் நின்றார். நான் மூச்சைச் சேர்த்துக்கொண்டேன். "ஆனாப் பாருங்க, சூடு தொப்புள்கிட்ட இருக்குதுங்க. அது கைக்கொழந்தையில போட்டது. இது என்னான்னு நீங்கதான் சொல்லோணும்."

அவர் டார்ச்சை அணைத்தார். அட்டையை எடுத்து எழுதினார். பிறகு சிஸ்டரிடம், "இவங்களுக்கும் அதேதான். இப்பவே ஆரம்பிங்க, ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்," என்றார். அதிலிருந்து டாக்டர் வாயில் எனக்கும் வாங்க போங்க வந்துவிட்டது.

ஆனால் காய்ச்சல் வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. அன்றைக்கே என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. மூக்கையும் வாயையும் மூடி ஒரு முகமூடியை இறுக்கிக் கட்டினார்கள். அது காற்றை வேகமாக உள்ளே தள்ளும். நாம் மூச்சு விட நினைக்கும்போது அது தள்ளும், எதிர்த்தால் மூச்சு முட்டும். அதன் போக்குக்கு விட்டுக்கொடுக்கப் பழக ஒரு நாள் ஆனது. அங்கே சன்னல் இல்லை. விளக்கை அணைப்பதும் இல்லை. இன்று என்ன கிழமை என்பதுகூட யாராவது சொன்னால்தான் உண்டு. பயந்தேன். செத்துப்போவதைப் பற்றி யோசிக்கவில்லை, அடுத்த மூச்சு வருமா என்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஐந்து ஐந்து நிமிடம், என் வீட்டுக்காரரை விட்டார்கள். அவருக்கு எண்ணுவதற்கு ஒன்று கிடைத்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று தலைமாட்டில் ஒரு திரை காட்டும். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருந்தால் நல்லது. வந்ததும் என்னைப் பார்க்க மாட்டார், அதைத்தான் பார்ப்பார்.

"நேத்து எம்பத்தெட்டு இருந்துச்சு. இன்னிக்கு தொண்ணூத்தி ரெண்டு. ஏறுது புள்ள."

முகமூடி போட்டவளால் பேச முடியாது. தலையை ஆட்டுவேன். ஐந்து நிமிடம் முடியும்வரை நின்றுவிட்டுப் போவார். ஒரு நாள் ஒரு ஸ்வெட்டர் போட்டிருந்தார், சாம்பல் நிறத்தில், கைகள் கொஞ்சம் நீளம். படிக்கட்டில் குளிரில் உட்கார்ந்திருப்பவருக்கு என்று கௌசல்யா அம்மா தன் வீட்டுக்காரருடையதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த அம்மா வந்த நாலாம் நாளே தன் காலால் நடந்து வெளியேறி வீட்டுக்குப் போய்விட்டார். டாக்டர் சொன்னபடியே இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்.

அங்கே போன ஆறாம் நாள் என்னைத் திரும்ப வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கஞ்சி குடித்தேன். ஊரிலிருந்து மகள் போன் செய்தாள். இடது காதில் வைத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. "டவர் இல்ல," என்று என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் பேசினார். சாயங்காலம் மறுபடி போன். மறுபடி இடது காது, மறுபடி டவர் இல்லை. மலையில் இருப்பவளுக்குப் போன் கேட்காவிட்டால் டவரைத் தவிர வேறு எதைச் சந்தேகப்படத் தோன்றும்? மலையை விட்டுக் கீழே இருக்கிறோம், இங்கே டவர் நன்றாகத்தான் இருக்கும் என்பது மறுநாள்தான் உறைத்தது. போனை வலது காதுக்கு மாற்றினேன். "அம்மா, ஏம்மா பேச மாட்டேங்கற?" என்று மகள் அழுதுகொண்டிருந்தாள்.

காதுக்கு ஒரு சோதனை செய்தார்கள். சத்தம் புகாத சின்ன அறை, தலையில் ஒரு கருவி, கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். வலது காதுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தேன். இடது காதுக்கு மாற்றியபோது, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக் காத்திருந்தேன். ஆரம்பித்து முடித்துவிட்டிருந்தார்கள். இந்தக் காய்ச்சல் முற்றினால் சிலருக்குக் காது நரம்பைத் தாக்கும் என்றார்கள்.

டாக்டர் வந்து என் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தார். கேட்டேன்.

"மொத நாளே மாத்திர குடுத்திருந்தா காது தப்பிச்சிருக்குங்களா?"

"உறுதியா சொல்ல முடியாதுங்கம்மா." கட்டில் கம்பியில் தொங்கிய அட்டையை எடுத்துப் பார்த்தார். "ஆனா, அன்னிக்கே நான் லைட் அடிச்சுப் பாத்திருக்கணும்."

மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. சொல்லியிருந்தால் நான் பரவாயில்லீங்க என்றுதான் சொல்லித் தொலைத்திருப்பேன். பரவாயில்லை என்று இல்லை. அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் அவர் ஒருவரைத் திட்டி முடித்துவிட்டால் ஆறிப்போகிற கோபமாகவும் அது இல்லை. மலைக்காரர்கள் என்றால் கயிறும் சூடும்தான் என்கிற எண்ணத்தை யாரோ எப்போதோ அவர் தலையில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். என்னைப் பார்ப்பதற்கு முன்னாலேயே என்னைப் பற்றித் தெரியும் என்று நினைத்துவிட்டார்.

சேர்த்த பதினான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் கொடுத்த தாளில் நோயின் பெயர் சரியாக இருந்தது. கீழே பார்த்தால், நாட்டு வைத்தியத்தில் சூடு, தாமதமாகக் கொண்டுவரப்பட்டவர் என்ற வரியும் அப்படியே இருந்தது. முதல் நாள் தட்டியதைக் கம்ப்யூட்டர் அப்படியே இழுத்து வந்துவிட்டது. நான் கிளம்ப மாட்டேன் என்றேன். "உடு புள்ள, உசுரு பொழச்சுதில்ல, பஸ்ஸு போயிரும்," என்றார் என் வீட்டுக்காரர். நான் கட்டிலை விட்டு எழவில்லை. டாக்டரையே வரவழைத்தார்கள். அவர் படித்துப் பார்த்து, பேனாவால் அந்த வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். கம்ப்யூட்டருக்குள் இருப்பதையும் மாற்றுகிறேன் என்றார். மாற்றினாரா என்று தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகு மெலிந்த உடம்பு ஒரு மாதத்தில் தேறிவிட்டது. மிளகு பறிப்புக்குக் கூலி ஆள் வைத்தோம். அஞ்சலகத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன், வருகிறவர்கள் வலது காதுப் பக்கம் நின்று பேசுவதற்காக. என் வீட்டுக்காரர் ரோட்டில் எப்போதும் எனக்கு இடப்பக்கம் நடப்பவர். இப்போது வலப்பக்கத்துக்கு மாறிவிட்டார். சாலையில் பின்னால் லாரி வந்தால் எந்தப் பக்கம் வருகிறது என்று எனக்குத் தெரிவதில்லை. அவர்தான் முழங்கையைப் பிடித்து ஒதுக்குகிறார்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கௌசல்யா அம்மா காரில் வந்து இறங்கினார். விலாசம் விசாரித்துத் தேடி வந்திருக்கிறார். இரண்டு பை நிறைய ஆப்பிளும் ஆரஞ்சும். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரைக் கண்டதில் அவ்வளவு சந்தோஷம். சாமைச் சோறு ஆக்கி, நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். புல்லில் மட்டும் உட்கார மாட்டேன் என்று சிரித்தார். சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் எதிரே நின்றிருந்தார்.

கௌசல்யா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, ஏதோ சொன்னார். உதடு அசைவது தெரிந்தது. அவர் உட்கார்ந்திருந்தது என் இடப்பக்கம். காது போனதை அதுவரை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியை விட்டு அவர் முன்னாலேயே போய்விட்டவர், அவருக்கு எப்படித் தெரியும்?

"தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தக் காது அந்தக் காச்சல்ல போயிருச்சுங்க. இந்தப் பக்கம் வந்து இன்னொருக்கா சொல்றீங்களா?" என்றேன்.

அவர் நாற்காலியை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் வந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். என் காதையே பார்த்தார். பிறகு, இந்த வருடம் மிளகு என்ன விலைக்குப் போனது என்று கேட்டார்.

அவர் கார் கிளம்பிப் போன பிறகு, முதலில் என்னதான் சொன்னார் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். சொல்ல வேண்டாம் என்று பார்த்தார், நான் விடவில்லை. பிறகு சொன்னார்.

"நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே பூச்சி, ஒரே டாக்டரு, ஒரே மாத்திர. கடவுள் ஆளப் பாத்து எதையும் கூட்டிக் கொறைக்கறதில்லைன்னாங்க."

இரண்டாம் தடவை அவர் அதைச் சொல்லாமல் விட்டதற்காக, எனக்கு அந்த அம்மாவை இன்னும் கொஞ்சம் பிடித்துப்போனது.